நாற்றத்தின் அருமை

சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசம் இல்லை. மூக்கைத் துளைப்பது, அதில் கலக்கப்படும் எதைல் மேர்கெப்டன். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற வாயு கசிந்து வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே வாயுவில் நாற்றம் கலப்பது சட்டமானது.

இலங்கைக்கு அதன் அருமை உறைத்தது 2021 இறுதியில்தான். நாட்டின் பல பகுதிகளில் அடுப்பும் குழாயும் வெடித்தன. ஜனாதிபதி நிபுணர் குழு அமைத்தார். வாயுக் கலவையில் புரொப்பேன் பங்கு கூடியதா என்று வீட்டுக்கு வீடு வாதம். டிசம்பரில், மேர்கெப்டன் போதாத கப்பல் சரக்கை இறக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை தடை போட்டது.

கண்டி மலைச்சரிவு வீடுகளில் மழைக்கும் குளிருக்கும் சன்னலைச் சாத்தியே வைப்பார்கள். விறகடுப்புக் காலத்தில் புகையே கண்ணை எரித்து எச்சரிக்கும். இந்த வாயுவோ காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தேங்கும். மேலே ஒரு சிறு சன்னலைத் திறந்தால் போதாது, கதவையும் அகலத் திறக்க வேண்டும். நாற்றம் வந்ததும் ரெகுலேட்டரை மூடிவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கலாம் (பதற்றத்தில் கை முதலில் போவது அங்கேதான்). குழாயில் கசிவு தேடச் சவர்க்கார நுரை போதும், தீக்குச்சி வேண்டாம்.

2022இல் இலங்கையில் வாயுத் தட்டுப்பாட்டால் சிலிண்டருக்கே நீண்ட வரிசை. பலர் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள்.