கிகுச்சி–ஃபுஜிமோட்டோ நோய்

பெரும்பாலும் கழுத்து நிணநீர்க்கணுக்களை வீங்கவைத்து, காய்ச்சலோடு வந்து, தானாகவே ஆறிவிடும் அரிய அழற்சி இது. கிகுச்சியும் ஃபுஜிமோட்டோவும் 1972இல் ஜப்பானில் தனித்தனியே இதை விவரித்தனர். ஆசியர்களிடமும், 40 வயதுக்குட்பட்ட பெண்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்நோயை மறைப்பது காசநோயின் பரவல்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற ஊரில், கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சலும் எடைக்குறைவுமாக ஓர் இளம்பெண் வந்தால், டி.பி.யை முதலில் நினைப்பது நியாயமே. நினைப்பது வேறு, சோதிக்காமல் ஆறு மாத மருந்தைத் தொடங்குவது வேறு. மாத்திரை போட்டதும் கட்டி கரைந்தது, ஆகவே டி.பி.தான் என்ற வாதம் இங்கே செல்லாது. கிகுச்சிக் கட்டி எந்த மாத்திரையும் இல்லாமலே பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதங்களில் கரையும். காசநோய்க் கட்டியோ, சரியான சிகிச்சையின் நடுவிலும் சிலருக்குப் பெருக்கும். வேண்டாத ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு கல்லீரலைக் கெடுக்கலாம். எதம்பியூட்டால் பார்வையைப் பாதிக்கலாம்.

ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் போதாதா என்பார்கள். காசநோயைப் பிடிக்க அது பெரிதும் உதவும்; கிகுச்சியைப் பல நேரம் தவறவிடும். கணுவை முழுதாக எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. நுண்ணோக்கியில், இறந்த செல்களின் கருத்துணுக்குகள் சிதறிக் கிடக்க, பிறைவடிவக் கரு கொண்ட ஹிஸ்டியோசைட்டுகள் சூழ்ந்திருக்கும். நியூட்ரோஃபில்கள் அநேகமாக இரா. இதையே லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் என்று தவறாகப் படித்து, கீமோ வரை போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எடுத்த கணுவில் ஒரு துண்டு ஃபார்மலினிலும் ஒரு துண்டு சலைனிலும் போக வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

இதற்காகப் பெங்களூருக்கும் வேலூருக்கும் அலைய முடியுமா என்ற கேள்வி எழும். மேலோட்டமான கழுத்துக் கணுவை எடுப்பது சிறிய அறுவைதான். கிருஷ்ணகிரியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் மிஞ்சினால் சதைத்துண்டு பயணம் செய்யட்டும், நோயாளி வேண்டாம். மூளைக்காய்ச்சல் போன்ற அவசர நிலையில் மட்டும் முடிவுக்குக் காத்திராமல் காசநோய் மருந்தைத் தொடங்குவதே சரி.

கிகுச்சி உறுதியானால் காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து போதும்; கடுமையானால் ஸ்டீராய்டு அல்லது ஹைட்ராக்சிகுளோரோகுயின் தருவார்கள். சதை எடுக்குமுன் ஸ்டீராய்டு கூடாது. அது லிம்ஃபோமாவை மறைக்கும், காசநோயை முற்றவைக்கும். சிலருக்குப் பின்னாளில் லூபஸ் எனும் தன்னெதிர்ப்பு நோய் வருவதால் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் சில ஆண்டுக் கண்காணிப்பும் தேவை. சோதனை முடிந்ததும் அறிக்கையோடு, சதைத்துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.