அளவெடுத்துத் தைத்த செவிகள்

காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்ஃபோன் வாங்கப் புகுவோர்க்கு இன்று இரு வழிகள் உள்ளன. தம் செவித்துளையை அச்செடுத்து, அதற்கென்றே வார்க்கப்பட்டதை வாங்கலாம். அல்லது சிறிது, நடுத்தரம், பெரிது எனச் சிலிக்கோன் முனைகளோடு எல்லோர்க்கும் பொதுவாக வருவதை வாங்கலாம். தையற்காரரிடம் அளவு கொடுப்பதா, ஆயத்த ஆடை எடுப்பதா என்னும் பழைய கேள்விதான் இது எனத் தோன்றும். ஆனால் இவ்விரண்டுக்கும் தாய்வீடு ஒன்றே. அது இசைக்கூடமன்று, செவித்திறன் குறைந்தோர்க்குக் கருவி செய்த பட்டறை.

காதை அச்செடுக்கும் கலை, இசைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே காதுகேள் கருவி அணிவோர்க்காக வளர்ந்தது. அக்கருவிகளுக்கென உருவான நுண்ணிய ஒலிப்பான்களே பின்னர் இசைக்கும் பயன்பட்டன. காதுகேள் கருவித் துறையில் பணியாற்றிய மீட் கில்லியன், 1983இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எடிமோடிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். செவிச் சோதனைக்கான இயர்ஃபோன்களைச் செய்த அந்நிறுவனம், 1991இல் இசை கேட்போர்க்காக இஆர்-4 என்னும் கருவியை வெளியிட்டது. மூன்றடுக்கு முனையால் செவித்துளையை அடைக்கும் பொதுக் கருவி அது.

அச்சுக் கருவியின் கதை மேடையில் தொடங்குகிறது. ராக் மேடைகளில் கலைஞரை நோக்கிச் சாய்த்து வைத்த ஒலிபெருக்கிகளின் வழியேதான் ஒவ்வொருவரும் தம் இசையைக் கேட்டனர். ஒருவர் ஒலியைக் கூட்ட, அடுத்தவரும் கூட்டுவார். இந்த இரைச்சலிலிருந்து மீள வழி தேடினார் வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலன். அவருக்காகக் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, காதச்சுக்குள் இரண்டு ஒலிப்பான்களைப் பொருத்திக் கொடுத்தார். பிற கலைஞர்களும் கேட்கவே, 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது.

இனித் தேர்வுக்கு வருவோம். இரண்டிலும் முதன்மையானது அடைப்பு. செவித்துளையில் சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்சுரங்கள் கசிந்துவிடும். வெளி இரைச்சல் புகுந்துவிடும். வாயைத் திறந்து பாடுவோர்க்குத் தாடையோடு செவிக்குழலும் அசையும். மணிக்கணக்கில் மேடையில் வியர்த்து ஆடுவோர்க்கும், பொதுமுனை எதுவும் பொருந்தாத காதுடையோர்க்கும் அச்சுக் கருவி தேவையே. மற்றவர்க்கு, பொருந்தும் முனையொன்று கிடைத்தால் பொதுக் கருவி போதுமானது. அச்சுக் கருவியைப் பிறருக்குக் கொடுக்க இயலாது; விற்பதும் கடினம். ஆண்டுகள் செல்லச் செவியின் வடிவம் மாறினால் மீண்டும் அச்செடுக்க வேண்டும். ஆகவே முதலில் வெவ்வேறு முனைகளை அணிந்து பார்ப்பதும், எதுவும் ஒட்டாதபோது அச்சுக்குச் செல்வதுமே முறை.

நல்ல அடைப்பின் உண்மையான பயன், ஒலியைக் குறைத்து வைத்தாலும் தெளிவாகக் கேட்பதுதான். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. மூன்று டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே. அடைப்பு தரும் அமைதியைப் பயன்படுத்தாமல் ஒலியை ஏற்றிக்கொண்டே போனால், எவ்வளவு விலை கொடுத்த அச்சும் காக்காது. காது கேளாதோர் பட்டறையிலிருந்து இரவல் பெற்ற இக்கருவி, நம்மை அதே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும்.