உயரத்தில் தடைபடும் பெட்ரோல்

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி, செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியாக திருவிதாங்கூர் ஆட்சியிலும், 1949க்குப் பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தமையால், 1935இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய விமானப் போக்குவரத்தின் வரலாறு அவ்வூருக்கும் உரியதாகும். டாட்டா நிறுவனத்தின் விமானி நெவில் வின்சென்ட் திருவனந்தபுரத்துக்கு ஓட்டிவந்த ஃபாக்ஸ் மாத் விமானமும், 1932 அக்டோபரில் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அவர் சென்னைக்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானமும் ஒற்றை எஞ்சின் கொண்டவை. எஞ்சினுக்குப் பெட்ரோல் தடைபட்டால் மாற்று வழி கிடையாது.

மாத் விமானங்கள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி மேல் இறக்கையில் இருந்ததால், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் உறுப்பாகிய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கியது. பம்பு இல்லாததால் பம்புப் பழுதும் இல்லை. ஆயினும் தொட்டிக்குக் காற்று விடும் துளை அடைபட்டால், வெளியேறிய பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று வராமல் உள்ளழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். நீரும் தூசியும் புகாதிருக்கப் பெட்ரோலை மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவது அக்கால வழக்கம்.

மலையைக் கடக்க ஏறும்போது வேறு சிக்கல்கள் எழுந்தன. 8,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே என்பதால், கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும். அதைக் குறைக்கவே கலவை நெம்புகோல் அமைந்தது. குற்றாலச் சாரல் காலத்தைப் போன்ற ஈரக்காற்றிலோ, பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால், வெளியே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி படியும். அதை உருக்கச் சூடான காற்றைச் செலுத்துவர்.

தொட்டி எஞ்சினுக்குக் கீழே அமைந்த தாழ்ந்த இறக்கை விமானங்களில் பெட்ரோலை உறிஞ்சப் பம்பு தேவைப்பட்டது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைய, உயரம் அதை மேலும் குறைக்க, சூடேறிய பெட்ரோல் குழாயிலேயே கொதித்துக் குமிழியாகி வழியை அடைத்தது, இதுவே ஆவியடைப்பு. இரண்டாம் உலகப்போரின்போது உயரப் பறந்த விமானங்களில் தொட்டிக்குள்ளிருந்து தள்ளும் பம்புகள் இதற்குத் தீர்வாயின.

எஞ்சின் தடுமாறும்போது துணைப் பம்பை இயக்குதல், தொட்டியை மாற்றுதல், கலவையைத் திருத்துதல், சூடான காற்றைத் திறத்தல் ஆகியவற்றை விமானி செய்துபார்ப்பது இவ்வனுபவங்களின் விளைவே. கீழிறங்குவது ஆவியடைப்பை நீக்கலாம், ஆனால் பெட்ரோலில் கலந்த நீரை நீக்காது; எஞ்சின் வேகத்தைக் குறைத்து இறங்கினால் பனி மேலும் படியக்கூடும். மலைமுகடுகளின் மேல் இறங்கவும் இடமில்லை என்பதால், தொட்டியிலிருந்து சிறிது பெட்ரோலை வடித்து நீர் உள்ளதா என்று பார்க்கும் தரைச் சோதனையே இன்றும் முதற்படியாக உள்ளது.