அடைப்புக்கு அப்பால் போகும் அயோடின்

மாமல்லபுரத்தில் அலையில் ஆடிவிட்டுக் கரையேறும் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருவார்கள். கடலுப்பின் எரிச்சல். 1960களில் ஸ்வீடனின் கதிரியல் மருத்துவர் டோர்ஸ்டன் ஆல்மேனை இதே எரிச்சல் யோசிக்க வைத்தது. நாட்டின் மேற்குக் கடலில் கண் எரிகிறது; உப்புக் குறைந்த பால்டிக் கடலில் எரிவதில்லை. ரத்தக்குழாயைப் படமெடுக்கச் செலுத்தும் அயோடின் மருந்தும் ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவான உப்பாக இருப்பதால்தானே நோயாளி வலியில் துடிக்கிறார்?

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் அயோடின் உப்பைச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளைக் குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டிய நாளிலிருந்து கூடவே வந்த தொல்லை அது. உப்பைப்போல் அயனிகளாகப் பிரியாத அயோடின் மூலக்கூறு ஒன்றை ஆல்மேன் முன்மொழிந்தார். ஓஸ்லோவின் நீகார்ட் நிறுவனம் அதை உருவாக்கத் துணிந்தது. இன்று சிடி அறைகளில் ஏற்றப்படும் அயோஹெக்சால் அந்த வம்சம்.

மாமல்லபுரத்தில் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்தால் 108 வண்டி திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓட வேண்டும். மூளையின் பெரிய தமனி ஒன்று அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

மருத்துவமனையின் சிடி அறையில், முழங்கை மடிப்பில் ஊசிக்குழாய். “உடம்பெல்லாம் சூடா இருக்கும், ஒண்ணுக்குப் போன மாதிரி தோணும், பயப்படாதீங்கய்யா. தலையை மட்டும் அசைக்காதீங்க.” மருந்து சிரை வழியே வலப்பக்க இதயம், நுரையீரல், இடப்பக்க இதயம் என்று சுற்றிச் சுமார் 20 வினாடியில் கழுத்தைக் கடக்கிறது. மூளையின் நடுத்தமனியில் ரத்தக்கட்டி. வெள்ளைக் கோடு அங்கே அறுந்து நிற்கிறது.

மருந்து மட்டும் நிற்பதில்லை. முன்தமனியின் கிளை நுனிகளும் நடுத்தமனியின் கிளை நுனிகளும் மூளையின் மேற்பரப்பில் மெல்லிய குழாய்களால் கைகோத்திருக்கின்றன. 1874இலேயே ஹியூப்னர் இதை விவரித்தார். நம் ஊரில் ஓர் ஏரியின் வரத்துக்கால் தூர்ந்தாலும் மேலேரியின் கலங்கல் நீர் சுற்றிவந்து சேர்வதைப்போல, மருந்து அந்தச் சந்துகளில் புகுந்து, கட்டிக்கு அப்பாலுள்ள கிளைகளில் பின்னோக்கி நிரம்புகிறது. ஆனால் சில வினாடி தாமதமாக. ஒரே படம் எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரிந்து, பிழைக்கக்கூடிய மூளையைக் கைவிட நேரலாம்.

கனடாவின் கால்கரியில் பிஜோய் மேனன் குழுவினர் இதற்கு எளிய வழி கண்டார்கள்: அதே ஊசி மருந்து, சுமார் 8 வினாடி இடைவெளியில் மூன்று படங்கள். கடைசிப் படத்துக்குள் கிளைகள் நன்றாக நிரம்பினால் அந்தப் பகுதி பட்டினி கிடக்கிறதே தவிர சாகவில்லை. 2015இல் வெளியான எஸ்கேப் ஆய்வு, அறிகுறி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் பக்கவழி ஓட்டம் உள்ளவர்களைத் தேர்ந்து, கட்டியைக் குழாய்வழி இழுத்தெடுத்தபோது மரணமே குறைந்ததைக் காட்டியது. 2018இல் வேறு ஆய்வுகள், படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த எல்லையை 24 மணி நேரம் வரை நீட்டின. “தூங்கி எழும்போதே கை வரலை, இனி என்ன பண்றது” என்று வீட்டிலேயே படுக்கவைத்துவிடுகிற குடும்பங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வேலை முடிந்த அயோடின் உடலில் தங்குவதில்லை. சிறுநீரகம் அதை மாற்றமின்றி வடித்து, பெரும்பகுதியை ஒரு நாளுக்குள் வெளியேற்றிவிடும். அதனால் நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறோ, முன்பு இந்த மருந்தால் ஒவ்வாமையோ இருந்திருந்தால், கூட வருபவர் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.