பழங்கருவியில் பூத்த புதுமை

புதிய கருவி ஒன்று தோன்றியவுடன் பழைய கருவியின் காலம் முடிந்துவிட்டதெனக் கருதுவது வாணிக உலகின் வழக்கம். மின்னணு விளையாட்டுத் துறையில் இவ்வழக்கம் இன்னும் கடுமையானது. எனினும், அக்கருத்தைப் பொய்யாக்கிய நிகழ்ச்சி ஒன்று 1996ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் நடந்தேறியது.

நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21ஆம் நாள் 'கேம் பாய்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் குன்பெய் யோகோய். நன்கு பழகி விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய நோக்கில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆதலின் கேம் பாயின் திரையில் வண்ணம் இல்லை. நான்கு சாயல்கள் மட்டுமே இருந்தன. ஆயினும் நான்கு சிறு மின்கலங்களைக் கொண்டே அது நெடுநேரம் இயங்கிற்று. இரண்டு கருவிகளை இணைத்து விளையாடக் கம்பி ஒன்றும் இருந்தது.

அக்கம்பியைப் புதிய கண்கொண்டு நோக்கியவர் சத்தோஷி தாஜிரி. 1965இல் பிறந்த அவர், சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். நகரம் விரிவடைய விரிவடைய, அப்பூச்சிகள் வாழ்ந்த இடங்கள் மறைந்தன. வளர்ந்தபின் 'கேம் பிரீக்' நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், இணைப்புக் கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். பிறர் போட்டிக்குப் பயன்படுத்திய கம்பி, அவருக்குப் பண்டமாற்றுக்குரிய பாலமாகத் தோன்றிற்று.

அக்கற்பனை விளையாட்டாக வடிவம் பெற ஏறத்தாழ ஆறாண்டுகள் ஆயின. அக்காலத்தில் வேறு விளையாட்டுகளையும் செய்தே நிறுவனம் காலம் தள்ளியது. இதற்கிடையில் 1994ஆம் ஆண்டின் இறுதியில் சேகா, சோனி நிறுவனங்களின் புதிய கருவிகள் முப்பரிமாணக் காட்சிகளுடன் சந்தைக்கு வந்தன. ஏழாண்டு பழைய, வண்ணமற்ற கருவிக்கு இனி யார் விளையாட்டு வாங்குவர் என்னும் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

1996 பிப்ரவரி 27ஆம் நாள் 'போக்கிமான்' சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. 150 விந்தை உயிர்களைச் சேர்ப்பதே விளையாடுவோரின் குறிக்கோள். ஆனால் ஒரு பதிப்பில் கிடைக்கும் சில உயிர்கள் மற்றதில் கிடையா. எனவே நண்பனை நாடி, கம்பியை இணைத்து, கொடுத்துப் பெற்றாலன்றித் தொகுப்பு நிறைவுறாது. தொலைக்காட்சிப் பெட்டியோடு கட்டுண்ட புதிய கருவிகள் இதற்கு உதவா. கையில் எடுத்துச் செல்லத்தக்கதும், பல சிறுவரிடம் முன்னரே இருந்ததுமான பழைய கருவியே இதற்குப் பொருந்திற்று.

குறுகிய நினைவகமும் ஒரு வியப்புக்கு வழிகோலியது. சோதனைக்குரிய பகுதிகளை நீக்கியபோது எஞ்சிய சிற்றிடத்தில், ஷிகெக்கி மோரிமோத்தோ என்னும் வல்லுநர் 'மியூ' என்ற 151ஆம் உயிரை மறைத்து வைத்தார். அதனைப் பற்றிய பேச்சு சிறுவரிடையே பரவியது. அதே ஆண்டில் 'கொரோகொரோ' இதழ் வழியாக 20 பேருக்கு அதனை வழங்குவதாக அறிவித்தபோது, ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தனர். பின்னர் வந்த நீலப் பதிப்பையும் சேர்த்து, ஜப்பானில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. 1998இல் அவ்விளையாட்டு அமெரிக்காவை எட்டியது.

யோகோய் 1996இல் நிண்டெண்டோவை விட்டு விலகி, 1997இல் சாலை விபத்தில் உயிர்நீத்தார். தம் கருவிக்குக் கிட்டிய உலகப் புகழின் இரண்டாம் அலையை அவர் முழுமையாகக் காணவில்லை. ஆயினும் அவர்தம் கொள்கையின் உண்மையை அவ்விளையாட்டு நிலைநாட்டிற்று. ஒரு கருவியின் முதுமையை அது பிறந்த ஆண்டைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அதனுள் பயன்படாது கிடக்கும் ஆற்றல் தீர்ந்த நாளே அதன் முதுமை தொடங்கும் நாளாகும்.