ஆளில்லா வீடும் இரும்புக் கம்பியும்: பேராக்கில் வீட்டுத் திருட்டும் காவலின் இடமாற்றமும்

வீடு உடைத்துத் திருடுவதைப் பற்றிய பேச்சு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பெரும்பாலும் பூட்டு, கிரில், கேமரா, ஜாகா (காவலாளி) என்ற வரிசையிலேயே ஓடுகிறது. ஆனால் திருடன் பூட்டைப் பார்க்கும் முன்பே வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிடுகிறான். ஈப்போவின் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளிலும், பழைய ரப்பர் தோட்டங்களின் ஓரத்தில் எழுந்த மலிவு விலை வீடுகளிலும் பகல் முழுதும் ஆளில்லாமற் போனதற்கு ஒரு சமூக வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்பு ஏற்பாடு வசதியுள்ளவர்களை மட்டுமே காக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

அரச மலேசியக் காவல்துறையின் குற்றக் குறியீடு வன்முறைக் குற்றம், சொத்துக் குற்றம் என இரு பிரிவு கொண்டது. வீடு உடைத்துத் திருடுதல் இரண்டாவதில் அடங்கும். மொத்தத்தில் பெரும்பங்கும் இந்தச் சொத்துக் குற்றங்களே. 2019இல் நாடு முழுவதும் 83,456 ஆக இருந்த குறியீட்டுக் குற்றங்கள் 2020இல் 65,623 ஆகவும், 2021இல் 53,578 ஆகவும் இறங்கின. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் தொடங்கியது. மக்கள் அவ்வாண்டு திடீரென்று புதுப் பூட்டுகள் வாங்கிவிடவில்லை, வீட்டில் இருந்தார்கள். சாலைத் தடுப்புகள் திருடனின் நடமாட்டத்தையும் முடக்கின என்பதால் இச்சரிவு முழுவதையும் ஆளிருப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் இது 1979இல் சமூகவியலாளர்கள் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் முன்வைத்த கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. திருட மனமுள்ளவன், எடுக்கத் தகுந்த பொருள், தடுக்க ஆளின்மை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடும்போது குற்றம் நிகழ்கிறது என்றார்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தபோதே வீட்டுத் திருட்டும் உயர்ந்ததை, பகலில் வெறிச்சோடிய வீடுகளைக் கொண்டு விளக்கினார்கள்.

இந்த எண்களுக்கு ஓர் எல்லை உண்டு. காவல் மாவட்ட அளவில் தொகுக்கும்போது வசதியுள்ள ஈப்போ கார்டனும் எளியவர் வாழும் புந்தோங்கும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. காப்புறுதி எடுத்த வீட்டார் இழப்பீடு கோரப் போலீஸ் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். காப்புறுதி இல்லாத வீட்டாருக்கு அந்தத் தூண்டுதல் இல்லை. எனவே ஏழைக் குடியிருப்புகளின் இழப்பு புள்ளிவிவரத்தில் குறைத்தே காட்டப்படுகிறது என்று கருத இடமுண்டு.

2. லயத்தின் இருவகைக் காவல்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று, குழாயடியும் பொது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போனவர்கள் ரப்பர் வெட்டு முடிந்து பால் நிறுத்துவிட்டு நண்பகல் வாக்கில் திரும்பிவிடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் கிழவர்களும், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். அந்நியர் ஒருவர் நுழைந்தால் "யார் வீட்டுக்கு?" என்று கேட்க ஆளிருந்தது.

இதைப் பொற்காலமாக்குவது தவறு. திருட வீட்டில் அதிகமில்லை என்பதும் அந்த அமைதிக்கு ஒரு காரணம். மேலும் தோட்டத்துக்கு வேறொரு காவலும் இருந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய மேலாளர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளருக்கு உதவி கிடைக்காமல் தடுக்கும் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் தொழிலாளர் லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலி, வாயிற்காவல், ஊரடங்கு, உணவுச் சோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டன. அந்த வேலி தொழிலாளியின் உடைமையைக் காக்கப் போட்டதன்று. அவனையே கண்காணிக்கப் போட்டது. ஆக, லயம் அறிந்த காவல் இருவகை: மேலிருந்து வந்த வாயிற்காவல் ஒன்று, அண்டை வீட்டார் கண் மற்றொன்று. இன்றைய தாமான் முதலாவதை விலை கொடுத்து வாங்குகிறது. இரண்டாவதை இழந்து நிற்கிறது.

3. தோட்டம் கலைந்தபின்

1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டாடப்பட்டன. அதன் விளைவுகளைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்தார். அதே நெருக்கடியில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் சில தோட்டங்களை வாங்கிக் காத்தது. செம்பனையும் வீடமைப்பும் ரப்பரை விழுங்கிய பிற்காலப் போக்கை அதனால் தடுக்க முடியவில்லை.

தோட்டத்தை விட்ட குடும்பம் தாமானுக்கு வந்தபோது வேலை நேரமும் மாறியது. கணவனும் மனைவியும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் கிந்தாப் பள்ளத்தாக்கில் வேலை சுருங்க, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பல வீடுகளில் முதியவர் ஒருவரே எஞ்சினார். அவரும் மருத்துவமனைக்குப் போனால் வீடு காலி.

சட்டம் இந்த மாற்றத்தைப் பின்தொடரவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை அடியொற்றிய மலேசியக் குற்றவியல் சட்டம், திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு உடைப்பதற்கு 457ஆம் பிரிவின்கீழ் 14 ஆண்டு வரையும், பகலில் உடைப்பதற்கு 454ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டு வரையும் சிறை விதிக்கிறது. உறங்குபவர் உயிருக்கு ஆபத்து என்ற நோக்கில் அது நியாயமே. ஆனால் இரவே ஆபத்தான நேரம் என்ற அந்த எண்ணம் ரோந்து நேரம் வரை நீள்வதுதான் சிக்கல்.

தங்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். தமிழ்க் குடும்பத்தின் சேமிப்பு சங்கிலியாகவும் வளையலாகவும் அலமாரியில் இருக்கிறது: சிறியது, எளிதில் விற்கக்கூடியது. தைப்பூசத்துக்கோ திருமணத்துக்கோ குடும்பமே கிளம்பும்போது நகையை அடகுக் கடையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி அனுமதிக்கிறது. கடன் தேவையில்லாதவரும் காவலுக்காகக் கட்டும் வட்டி இது.

4. இரும்பும் ஜாகாவும்

கிரில் பயனற்றதன்று, திருடனுக்கு நேரம் பிடிக்கச் செய்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பார்க்க யாராவது இருந்தால்தான் தாமதத்துக்குப் பொருளுண்டு. தீ விபத்தில் அதே கிரில் வீட்டாரைச் சிறைப்படுத்துகிறது என்று தீயணைப்புத் துறை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

ஜாகா வைத்த தாமான்களின் நிலை வேறு. நகர், கிராமத் திட்டமிடல் துறையின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, பொதுச் சாலைகள் கொண்ட காவல் குடியிருப்பில் கட்டணம் கட்டும்படி எவரையும் வற்புறுத்த முடியாது. டி'வில்லா இக்வஸ்ட்ரியன் குடியிருப்பாளர் சங்க வழக்கில், கட்டணம் செலுத்தாதவர் தடுப்புக் கட்டையைத் தாமே தூக்கிச் செல்ல நேர்வதைச் சட்டவிரோதத் தடையாகக் கொள்ள முடியாது என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் கருதியது. இவ்வாறு சட்டம் சங்கங்களுக்கு இடம் தந்தாலும், மாதக் கட்டணம் வசூலாகும் தாமானில்தான் ஜாகா நிலைப்பார். தடுக்கப்பட்ட திருட்டு அப்படியே அடுத்த தாமானுக்கு நகர்கிறது என்பதை ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆனாலும் கட்டணம் கட்ட முடியாத குடியிருப்புக்கு இந்த ஏற்பாடு எதையும் தருவதில்லை.

5. அண்டையின் காவலை மீட்டல்

1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டைக் காவல் திட்டம் முதலில் ரோந்தைக் கட்டாயமாக்கியது. 2012இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. இன்றைய தன்னார்வ ரோந்து பெரிதும் இரவையே குறிவைக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலுள்ள கிர்க்ஹோல்ட் அரசுக் குடியிருப்பு 1980களில் வேறு வழி கண்டது. ஒருமுறை திருடப்பட்ட வீடே விரைவில் மீண்டும் திருடப்படுகிறது என்று கண்டறிந்து, அந்த வீட்டின் பூட்டுகளைப் பலப்படுத்தி, சுற்றியுள்ள சுமார் ஆறு வீட்டாரைக் கண்காணிக்க வைத்தார்கள். நாணயம் போட்டு மின்சாரம், எரிவாயு பெறும் மீட்டர்களைத் திருடர்கள் காசுக்காக உடைத்ததால், அவற்றையும் அகற்றினார்கள். மூன்றாண்டுகளில் திருட்டு ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது.

பேராக்குக்கு இம்முறை பொருந்தும், செலவும் குறைவு. ஒரு வீடு உடைக்கப்பட்டவுடன் அதன் இருபக்கத்தாரையும், எதிர்வீட்டாரையும், பின்சந்து வீட்டாரையும் ருக்குன் தெத்தாங்கா சில வாரங்களுக்கு ஒன்றிணைக்கலாம். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் வீட்டிலிருப்பவரும் ஓய்வுபெற்றவரும் அக்குழுவின் முதுகெலும்பாவார்கள். ஊருக்குப் போகும்போது காவல்துறைக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் விழாவுக்கு முன்பே நிரப்பித் தரலாம். மாநில அரசும் மாநகர் மன்றமும் காவலுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, ஜாகா வைக்க இயலாத தாமான்களின் பின்சந்து விளக்குகளுக்கும் திருடப்பட்ட வீடுகளின் பூட்டுகளுக்கும் போகவேண்டும். அதுவரை வீட்டுப் பாதுகாப்பு, மாதச் சந்தா கட்ட முடிந்தவரின் உரிமையாகவே நீடிக்கும்.