ஊரவை வழங்கிய நெல்லும் ஊர் கேட்ட கணக்கும்

சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த திருவக்கரை இருவகைக் கற்களால் பெயர் பெற்ற ஊர். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்து கல்லாகிப் போன மரங்கள் ஒருவகை. சந்திரமௌலீசுவரர் கோயிலில் சோழர் காலம் பொறித்துச் சென்ற கல்லெழுத்துகள் மற்றொரு வகை. ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற இத்தலத்தில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்த செய்தியை வரலாறு பயின்றோர் அறிவர். அரசர், அரசியர் கொடைகள் அறியப்பட்ட அளவுக்கு, இவ்வட்டாரத்து ஊரவைகள் பொதுநலம் கருதிச் செய்த ஒதுக்கீடுகள் அறியப்படவில்லை. அவை தனியே எண்ணிப் பார்க்கத்தக்கவை.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரம், சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயருடன் விளங்கியது. முதலாம் இராசேந்திரன் (கி.பி. 1012-1044) ஆணைப்படி இவ்வூர்ச் சபை கூடி ஒரு கல்லூரிக்கு வழிவகை செய்தது. 340 மாணவர், அவருள் இளநிலையினர் 270 பேர், மேல்நிலையினர் 70 பேர். கற்பிப்போர் 14 பேர். இளநிலை மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், மேல்நிலை மாணவர்க்கு ஒரு குறுணி இரு நாழியும் வரையறுக்கப்பட்டன. இச்செலவினங்களுக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருபுவனையிலும் இதனை ஒத்த கல்லூரி ஒன்று கி.பி. 1048 அளவில் 260 மாணவர்களுடன் நடைபெற்றது. அங்குக் கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டனர். நெல்லோடு நேரத்தையும் ஊர் அவர்களுக்கு வழங்கியது எனலாம்.

கொடுத்த பொருள் உரிய வழியில் செலவாயிற்றா என்பதை உறுதிசெய்த முறையை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் தெளிவுறுத்துகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவையான இவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடவோலை வழியே ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். முந்தைய மூன்றாண்டுகளில் பதவி வகித்தோர்க்கும் இடமில்லை. ஏரியைத் தூர்வாரவென முதற்பொருள் வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் பணி நடத்தும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது. முதல் குறையாது நின்றால்தான் ஏரியில் நீர் நிற்கும் என்பதை அச்சபையோர் உணர்ந்திருந்தனர்.

இச்சிறப்புகளைப் போற்றும்போது மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. உத்தரமேரூரில் வாரியத்துக்கு வர, இறை செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டப்பட்டன. பெண்டிர்க்கும் நிலமற்ற உழுகுடிக்கும் அங்கு இடமில்லை. எண்ணாயிரத்தில் கற்பிக்கப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமுமே. திருவாய்மொழி ஓதுவார்க்குக் கோயிலில் நெல் கிடைத்ததே தவிர, தமிழ் அக்கல்லூரியின் பாடமாக அமையவில்லை. நெல்லை விளைவித்தவர் பிள்ளைகள் அந்த 340 பேருள் அடங்கார். இதனைத் தமிழ்க் கவிஞர் மறக்க இயலாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரவையின் பொருளுரிமை படிப்படியாக நலிந்தது. ஊரார் தாமே செய்துவந்த குடிமராமத்து, 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டம் சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கென உள்ளூர் நிதியை ஏற்படுத்தியது. எனினும் அதன் கடிவாளம் அதிகாரிகள் கையிலேயே இருந்தது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தையொட்டி 1884இல் உள்ளூர் வாரியச் சட்டம் வந்தது. விடுதலைக்குப்பின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. பெருந்திருப்பம் 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் விளைந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1996இல் தேர்தல் நடந்தது. மகளிர்க்கு மூன்றிலொரு பங்கு இடமும், ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு மக்கள்தொகைக்கேற்ற இடமும் கிடைத்தன. மகளிர் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. மாநில நிதி ஆணையமும் நடுவண் நிதி ஆணையமும் பரிந்துரைக்கும் மானியங்கள் இன்று குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் துணைநிற்கின்றன. 1997இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம் மக்கள் பங்களிப்பையும் அரசு நிதியையும் இணைத்தது.

உத்தரமேரூர்ச் சபையோர் எண்ணிப் பார்த்திராத விரிவு இது. கால் வேலி நிலமுடையார் அமர்ந்த அவையில் இன்று கூலி உழைப்பால் வாழும் பெண் தலைவராக அமர்கிறார். ஆயினும் கணக்குக் காட்டாதவரை விலக்கிவைத்த அன்றைய கண்டிப்பு, இன்றைய அவைக்கு முழுமையாக வந்து சேர்ந்ததா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போது ஊர் கூடியிருந்து கேட்டால்தான் சட்டம் உயிர்பெறும். பதிவேட்டில் ஒப்பம் மட்டும் நிறைந்து ஊர் வாராதிருப்பின், மானியம் எத்துணைப் பெரிதாயினும் பயன் சிறிதே.

திருவக்கரைக் கோயிற் கல்லெழுத்துகள் வெயிலும் மழையும் படும் இடத்தில், யாவரும் காண நிற்கின்றன. கொடுத்தது யாது, யாருக்கு, எதன்பொருட்டு என்பதைப் பொதுவிடத்தில் எழுதிவைப்பது அன்றைய மரபு. படிக்கத் தெரிந்தோர் அன்று சிலர், இன்று பலர். படித்துக் கேள்வி கேட்கும் கடமையும் அப்பலரைச் சார்ந்ததே ஆகும்.